கார்டெக்ஸ்-எம்4 சிப், ஃப்ரீஆர்டிஓஎஸ், ஜி.டி.பி.: டீபக்கரை அமைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூரில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, பாலிஹவுஸ் ரோஜாத் தோட்டங்களுக்கான கட்டுப்பாட்டு போர்டுகள் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பர்கூர், பாலக்கோடு, தருமபுரி பக்கமிருந்து படிக்கிற பிள்ளைகள் சிலர் பஸ் ஏறி வருவார்கள். எல்லாரும் நிரல் நன்றாக எழுதுகிறார்கள். டீபக்கரை, அதாவது ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் கருவியை, இணைக்கச் சொன்னால்தான் தயங்குகிறார்கள். அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லாப் பதிலும் ஒரே அமைப்புக்கானது: எஸ்.டி.எம்.32எஃப்407 சிப் (அதன் செயலிதான் கார்டெக்ஸ்-எம்4) உள்ள டிஸ்கவரி போர்டு, அதில் ஓடும் ஃப்ரீஆர்டிஓஎஸ் (டாஸ்க் எனப்படும் பல வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டும் சின்ன ஆப்பரேட்டிங் சிஸ்டம்), மேசையில் உபுண்டு கணினி. கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

பிரின்ட்எஃப் போட்டே பிழையைக் கண்டுபிடிக்கலாமே, டீபக்கர் எதற்கு?

நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். தளிப் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்தில் என் போர்டை மாட்டியிருந்தேன். ஈரப்பதம் குறைந்தால் ஃபாகர் (பனிபோல் நீர் தெளிக்கும் கருவி) வால்வைத் திறக்க வேண்டும், ஏறினால் மூட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒரு சாயங்காலம் தோட்டக்காரர் போன் செய்தார். "தம்பி, வால்வு மூடவே மாட்டேங்குது, உள்ளே குளமா நிக்குது" என்றார். போர்டைக் கழற்றி வந்து, டாஸ்க் ஒவ்வொன்றிலும் பிரின்ட்எஃப் (மதிப்புகளை அச்சிட்டுக் காட்டும் கட்டளை) வரிகளைச் சேர்த்தேன். பிழை மறைந்தது. வரிகளை எடுத்தேன், பிழை திரும்பி வந்தது. இப்படியே பத்து நாள் போனது.

பிரின்ட்எஃப் வரி சேர்த்தால் நேரக்கணக்கு மாறும், ஸ்டாக் (டாஸ்க் தன் தற்காலிக மதிப்புகளை வைக்கும் நினைவகப் பகுதி) அளவு மாறும், நிரல் நினைவகத்தில் உட்காரும் இடமும் மாறும். நாம் தேடும் பிழை அந்த மூன்றில் ஒன்றைச் சார்ந்ததாக இருந்தால், தேடுகிற செயலே அதை மறைத்துவிடும். டீபக்கர் நிரலில் ஒரு பைட்டைக்கூட மாற்றாமல் உள்ளே பார்க்க விடுகிறது. அந்த வால்வுப் பிழை கடைசியில் எப்படிக் கிடைத்தது என்பதைக் கீழே சொல்கிறேன், ஏனென்றால் அதைப் புரிந்துகொள்ள நடுவில் உள்ள பதில்கள் தேவை.

ஜி.டி.பி. ஒன்று, ஓப்பன்ஓசிடி ஒன்று. எதற்கு இரண்டு?

குழப்பம் தொடங்குவது இங்கேதான், அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

ஜி.டி.பி. 1986-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதத் தொடங்கியது. அதற்குத் தெரிந்தது உங்கள் நிரல்: எந்த வரி எந்த முகவரியில் இருக்கிறது, எந்த மாறி எந்த வகை. கம்பைலர் தரும் ஈ.எல்.எஃப். கோப்பைப் படித்து இதைத் தெரிந்துகொள்கிறது. சிப்பை நேரடியாகத் தொட அதற்கு வழி தெரியாது.

ஓப்பன்ஓசிடி 2005-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் டொமினிக் ராத் என்ற மாணவரின் பட்டத் திட்டமாகத் தொடங்கியது. உங்கள் நிரலைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. யு.எஸ்.பி. வழியாக ப்ரோபோடு (கணினிக்கும் சிப்புக்கும் நடுவில் இருக்கும் சின்னக் கருவி) பேசி, சிப்பை நிறுத்தவும் ஓட்டவும் நினைவகத்தைப் படிக்கவும் அதற்குத் தெரியும். இரண்டும் கணினிக்குள்ளேயே 3333 என்ற போர்ட் எண் வழியாகப் பேசிக்கொள்கின்றன. நாம் நேரடியாக ஓப்பன்ஓசிடியிடம் பேச வேண்டுமென்றால் 4444-இல் டெல்நெட் போடலாம்.

ஆக, ப்ரோப் எது, சிப் எது, ஆப்பரேட்டிங் சிஸ்டம் எது என்ற மூன்றையும் ஓப்பன்ஓசிடிக்குச் சொல்ல வேண்டும். நிரல் எது என்பதை ஜி.டி.பி.-க்குச் சொல்ல வேண்டும். ஏதாவது வேலை செய்யவில்லை என்றால், இந்த நான்கில் எது சொல்லப்படவில்லை என்று முதலில் கேளுங்கள். என்னிடம் வரும் சிக்கல்களில் முக்கால்வாசி அதிலேயே தீர்ந்துவிடுகிறது.

எத்தனை கம்பி இணைக்க வேண்டும்?

டிஸ்கவரி போர்டில் எஸ்.டி.-லிங்க் ப்ரோப் போர்டிலேயே இருக்கிறது, யு.எஸ்.பி. கேபிள் போதும். நீங்களே செய்த போர்டு என்றால் எஸ்.டபிள்யூ.டி. (இரண்டு கம்பியில் டீபக் செய்யும்) முறையில் தரவுக்கு சிப்பின் பி.ஏ.13 கால், கடிகாரத்துக்கு பி.ஏ.14 கால், அப்புறம் கிரவுண்டு. இந்த மூன்று இருந்தாலே ஓடும். ஆனால் நான்காவதாக ரீசெட் கம்பியையும் கட்டாயம் இழுங்கள். சிப் முரண்டு பிடிக்கும்போது அது ஒன்றுதான் கைகொடுக்கும்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பென் டிரைவ் வடிவத்தில் மலிவான நகல் ப்ரோப்கள் கிடைக்கின்றன. பழகுவதற்குப் பரவாயில்லை. ஆனால் அவற்றில் பலவற்றில் ரீசெட் என்று அச்சிட்டிருக்கும் கால் எஸ்.டி.எம்.8 சிப்புக்கு உரியது, எஸ்.டி.எம்.32-க்கு வேலை செய்யாது. நான் வாங்கிய ஒன்றில் கால்களின் வரிசையும் மேலே அச்சிட்டிருந்ததும் வேறுவேறாக இருந்தன. மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே மின்சாரம் கொடுங்கள்.

கம்பி ஒரு சாண் நீளத்துக்குள் இருக்கட்டும். பக்கத்தில் மோட்டார் ஸ்டார்ட்டர் இருந்தால் நீளமான கம்பியில் இணைப்பு அறுந்து அறுந்து வரும். அப்போது 'அடாப்டர் ஸ்பீடு' கட்டளையில் வேகத்தை 500 கிலோஹெர்ட்ஸ் அளவுக்குக் குறைத்துப் பாருங்கள்.

ஓப்பன்ஓசிடி அமைப்புக் கோப்பில் என்ன எழுத வேண்டும்?

மூன்றே வரி. முதல் வரி, ப்ரோப்: 'சோர்ஸ்' என்று போட்டு சதுர அடைப்புக்குள் 'ஃபைண்ட் இன்டர்ஃபேஸ்/எஸ்டிலிங்க்.சிஎஃப்ஜி'. இரண்டாவது வரி, சிப்: அதே மாதிரி 'ஃபைண்ட் டார்கெட்/எஸ்டிஎம்32எஃப்4எக்ஸ்.சிஎஃப்ஜி'. மூன்றாவது வரி, ஆப்பரேட்டிங் சிஸ்டம்: டாலர் குறி போட்டு '_டார்கெட்நேம் கான்ஃபிகர் -ஆர்டிஓஎஸ் ஃப்ரீஆர்டிஓஎஸ்'. பெயரில் எஃப், ஆர், டி, ஓ, எஸ் ஆகிய எழுத்துகள் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும்.

வரிசை முக்கியம். சிப் கோப்பைப் படித்த பிறகுதான் டார்கெட்நேம் என்ற பெயரே உருவாகும். மூன்றாவது வரியை மேலே கொண்டுபோனால் அப்படி ஒரு மாறியே இல்லை என்று நின்றுவிடும்.

இந்தக் கோப்பை நிரல் இருக்கும் அதே அடைவில் 'ஓப்பன்ஓசிடி.சிஎஃப்ஜி' என்ற பெயரில் வையுங்கள். அங்கே நின்று 'ஓப்பன்ஓசிடி' என்று மட்டும் தட்டினால் போதும், தானாக எடுத்துக்கொள்ளும். சிப்பில் 6 பிரேக்பாயிண்ட் (நிரலை ஒரு வரியில் நிறுத்துவது), 4 வாட்ச்பாயிண்ட் (ஒரு நினைவக இடத்தைத் தொடும்போது நிறுத்துவது) இருப்பதாக ஒரு வரி வந்தால் வன்பொருள் பக்கம் சரி.

'பெர்மிஷன் டினைடு' மாதிரி ஏதோ வருகிறது. சூடோ போட்டால் வேலை செய்கிறது.

சூடோ போட்டு ஓட்டுவதைப் பழக்கமாக்க வேண்டாம். ஓப்பன்ஓசிடியோடு '60-ஓப்பன்ஓசிடி.ரூல்ஸ்' என்று ஒரு கோப்பு வரும். அதை யுடெவ் ரூல்ஸ் அடைவில் போட்டு, உங்கள் பயனர் பெயரை 'பிளக்டெவ்' குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்து, ப்ரோபைக் கழற்றிச் செருகுங்கள். அதோடு முடிந்தது.

ஜி.டி.பி. பக்கம் என்ன செய்ய வேண்டும்?

உபுண்டுவில் 'ஜிடிபி-மல்டிஆர்ச்' என்ற பொதியை நிறுவுங்கள். சாதாரண ஜி.டி.பி. உங்கள் கணினியின் செயலிக்கானது, அதற்கு ஆர்ம் புரியாது. நிரலின் ஈ.எல்.எஃப். கோப்பைக் கொடுத்து ஜி.டி.பி.-யைத் திறந்து, 'டார்கெட் எக்ஸ்டெண்டட்-ரிமோட் லோக்கல்ஹோஸ்ட்:3333' என்று இணையுங்கள். அப்புறம் 'மானிட்டர் ரீசெட் ஹால்ட்', 'லோட்', மறுபடி 'மானிட்டர் ரீசெட் ஹால்ட்', 'பிரேக் மெயின்', 'கன்டின்யூ'. 'மானிட்டர்' என்று தொடங்குவதெல்லாம் ஓப்பன்ஓசிடிக்குப் போகும், மற்றவை ஜி.டி.பி.-க்கு உரியவை.

தினமும் தட்ட வேண்டாம் என்றால் இவற்றை '.ஜிடிபிஇனிட்' கோப்பில் எழுதி வைக்கலாம். திட்ட அடைவில் உள்ள அந்தக் கோப்பை ஜி.டி.பி. பாதுகாப்புக் கருதித் தானாகப் படிக்காது. உங்கள் ஹோம் அடைவில் உள்ள '.ஜிடிபிஇனிட்'டில் 'ஆட்-ஆட்டோ-லோட்-சேஃப்-பாத்' என்று போட்டு, திட்ட அடைவின் பாதையைக் கொடுத்துவிடுங்கள்.

'இன்ஃபோ த்ரெட்ஸ்' போட்டால் ஒரே ஒரு வரிதான் வருகிறது. என் டாஸ்க்குகள் எங்கே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். காரணம் மூன்று இருக்கலாம்.

ஷெட்யூலர், அதாவது எந்த டாஸ்க் எப்போது ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் பகுதி, இன்னும் தொடங்கியிருக்காது. மெயினில் நிற்கும்போது டாஸ்க் எதுவும் ஓடத் தொடங்கவில்லை, அதனால் பட்டியலும் வராது. ஏதாவது ஒரு டாஸ்க்குக்குள் பிரேக்பாயிண்ட் வைத்து, அங்கே நின்ற பிறகு பாருங்கள்.

இல்லையென்றால் ஈ.எல்.எஃப். கோப்பைக் கொடுக்காமல் இணைத்திருப்பீர்கள். ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் உள் மாறிகள் எந்த முகவரியில் இருக்கின்றன என்று ஓப்பன்ஓசிடி ஜி.டி.பி.-யிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. கோப்பு இல்லையென்றால் ஜி.டி.பி.-யிடம் பதில் இல்லை.

மூன்றாவது காரணம்தான் ஆளை வாட்டும். டாஸ்க் பட்டியலைப் படிக்க 'யுஎக்ஸ்டாப்யூஸ்டுபிரையாரிட்டி' என்ற மாறி ஓப்பன்ஓசிடிக்குத் தேவை. இன்றைய ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் அந்த மாறியை எடுத்துவிட்டார்கள். எனவே நாமே அதைச் சேர்க்க வேண்டும். ஓப்பன்ஓசிடி மூலநிரலில் 'கான்ட்ரிப்' அடைவின் உள்ளே 'ஆர்டிஓஎஸ்-ஹெல்பர்ஸ்' பகுதியில் 'ஃப்ரீஆர்டிஓஎஸ்-ஓப்பன்ஓசிடி.சி' என்று ஒரு சின்னக் கோப்பு இருக்கிறது. அதைத் திட்டத்தில் சேர்த்துத் தொகுத்தாலும், யாரும் பயன்படுத்தாத மாறி என்று லிங்கர் (தொகுத்த துண்டுகளை ஒன்றாக இணைக்கும் மென்பொருள்) தூக்கி எறிந்துவிடும். லிங்கருக்கு '--அன்டிஃபைன்டு=யுஎக்ஸ்டாப்யூஸ்டுபிரையாரிட்டி' என்று கொடுத்தால்தான் விட்டுவைக்கும். இதைச் செய்தவுடன் ஐடில் டாஸ்க் (வேறு வேலை இல்லாதபோது ஓடுவது) உட்பட எல்லாமே பெயரோடு வரிசையாக வரும். எந்த டாஸ்க் எங்கே காத்திருக்கிறது என்று 'த்ரெட் அப்ளை ஆல் பேக்ட்ரேஸ்' போட்டுப் பாருங்கள். என்னிடம் படிக்க வந்த ஒரு பெண் முதல்முறை அந்தப் பட்டியலைப் பார்த்து, "அண்ணா, இவ்வளவு நாள் இருட்டுலயா வேலை செஞ்சோம்?" என்று கேட்டாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

'நெக்ஸ்ட்' போட்டால் நிரல் வேறு எங்கோ போய் நிற்கிறதே?

ஒரு டாஸ்க்கில் ஒரு வரி நகர்வதற்குள் ஷெட்யூலர் வேறு டாஸ்க்குக்கு மாறியிருக்கலாம். அல்லது பல டாஸ்க்குகள் அழைக்கும் பொதுவான ஒரு ஃபங்ஷனில் பிரேக்பாயிண்ட் வைத்திருப்பீர்கள். அந்தச் சூழலில் 'பிரேக்' கட்டளையின் முடிவில் 'த்ரெட்' என்று போட்டு டாஸ்க்கின் எண்ணைச் சேர்த்தால், அந்த டாஸ்க் வரும்போது மட்டும் நிற்கும். ஒவ்வொரு அடியிலும் இன்டரப்ட்டுக்குள் (வன்பொருள் இடையில் புகுந்து ஓட வைக்கும் நிரல்) விழுந்தால் 'மானிட்டர் கார்டெக்ஸ்_எம் மாஸ்க்ஐஎஸ்ஆர்' எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். 'ஆட்டோ' என்று இருப்பதே நல்லது.

கம்பைலர் வரிகளை இடம் மாற்றியிருந்தாலும் இப்படித் தாவும். 'ஆப்டிமைஸ்டு அவுட்' என்று மாறிகளின் மதிப்பு தெரியாமல் போவதும் அதனால்தான். டீபக் செய்யும் காலத்தில் '-ஓஜி', '-ஜி3' இரண்டையும் கம்பைலருக்குக் கொடுங்கள்.

ஏழாவது பிரேக்பாயிண்ட் வைத்தால் பிழை வருகிறது.

வரத்தான் செய்யும். நிரல் ஃபிளாஷில் இருப்பதால் டீபக்கர் அங்கே எழுதி நிறுத்த முடியாது, சிப்புக்குள் இருக்கும் ஒப்பீட்டுச் சுற்றுகளைத்தான் பயன்படுத்துகிறது. கார்டெக்ஸ்-எம்4-இல் அவை 6. 'நெக்ஸ்ட்', 'ஃபினிஷ்' கட்டளைகளும் இடையில் ஒன்றை எடுத்துக்கொள்ளும் என்பதால் நான்கைந்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஒருமுறை நிரலை ஏற்றிய பிறகு சிப் இணையவே மாட்டேன் என்கிறது. செத்துவிட்டதா?

சாகவில்லை, பயப்பட வேண்டாம். சும்மா இருக்கும் கால்களையெல்லாம் அனலாக் ஆக்கும்படி கியூப்எம்எக்ஸில் (சிப்பின் கால்களை அமைக்க உதவும் மென்பொருள்) தேர்ந்தெடுத்து, டீபக் பகுதியில் 'சீரியல் வயர்' என்று குறிக்க மறந்திருப்பீர்கள். பி.ஏ.13, பி.ஏ.14 இரண்டும் சேர்ந்து போய்விடும். இன்னொரு காரணம், ஐடில் டாஸ்க் சிப்பை ஆழ்ந்த தூக்கத்துக்கு அனுப்புவது.

முன்னே சொன்ன ரீசெட் கம்பி இங்கேதான் உதவும். அமைப்புக் கோப்பில் 'ரீசெட்_கான்ஃபிக் எஸ்ஆர்எஸ்டி_ஒன்லி எஸ்ஆர்எஸ்டி_நோகேட் கனெக்ட்_அசெர்ட்_எஸ்ஆர்எஸ்டி' என்று ஒரு வரி சேருங்கள். ரீசெட்டை அழுத்திப் பிடித்தபடியே இணையும், நிரல் கால்களைக் கைப்பற்ற நேரம் கிடைக்காது. கம்பி இல்லையென்றால் பூட்0 காலை 3.3 வோல்ட்டோடு இணைத்து மின்சாரம் கொடுங்கள். சிப் தன் உள் பூட்லோடரில் நிற்கும், பழைய நிரலை அழித்துவிடலாம்.

ஹார்ட்ஃபால்ட் வந்து சுழன்றுகொண்டே இருக்கிறது. எந்த வரியில் என்று எப்படித் தெரியும்?

ஹார்ட்ஃபால்ட் என்பது செயலியால் தொடர முடியாத தவறு. 'மானிட்டர் கார்டெக்ஸ்_எம் வெக்டர்_கேட்ச் ஹார்ட்_எர்' என்று முன்கூட்டியே கொடுத்துவிட்டால், தவறு நடந்த நொடியிலேயே சிப் நிற்கும். 'பேக்ட்ரேஸ்' போடுங்கள். பெரும்பாலும் வரி தெரிந்துவிடும்.

தெரியவில்லையா? எல்.ஆர். பதிவகத்தை (ரெஜிஸ்டர்) பாருங்கள். அதன் இரண்டாம் எண் பிட் (0-இலிருந்து எண்ணினால்) 1 என்றால் பி.எஸ்.பி. ஸ்டாக், 0 என்றால் எம்.எஸ்.பி. ஸ்டாக். ஃப்ரீஆர்டிஓஎஸ் டாஸ்க்குகள் பி.எஸ்.பி.-யில் ஓடுகின்றன, இன்டரப்ட்டுகள் எம்.எஸ்.பி.-யில். அந்த ஸ்டாக் முகவரியிலிருந்து 24 பைட் தள்ளி இருப்பதுதான் தவறு நடந்த கட்டளையின் முகவரி. அதை 'இன்ஃபோ லைன்' கட்டளையில் நட்சத்திரக் குறியோடு கொடுத்தால் வரி எண் வரும். என்ன வகைத் தவறு என்பதை சி.எஃப்.எஸ்.ஆர். பதிவகம் சொல்லும்.

சரி, அந்த வால்வுப் பிழை எப்படிக் கிடைத்தது?

டாஸ்க் பட்டியலை வேலை செய்ய வைத்த அன்றே கிடைத்தது. பிழை வரும்வரை ஓடவிட்டு, நிறுத்தி 'இன்ஃபோ த்ரெட்ஸ்' போட்டேன். மற்ற டாஸ்க்குகள் சரியான பெயரோடு இருந்தன. வால்வு டாஸ்க்கின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் குப்பை எழுத்துகள்.

ஒரு டாஸ்க்கின் பெயர் டி.சி.பி. என்ற அதன் குறிப்பேட்டுக்குள் இருக்கிறது. உருவாக்கிய பிறகு அதை யாரும் மாற்றவே கூடாது. அதனால் அந்தப் பெயரின் முதல் 4 பைட்டுகள் மேல் ஒரு வாட்ச்பாயிண்ட் வைத்தேன். 'வாட்ச்' கட்டளை சிப்பின் வன்பொருளையே பயன்படுத்துவதால் வேகம் குறையாது. அந்த இடத்தில் எழுதியது யாராக இருந்தாலும் ஓரிரு கட்டளைகள் தள்ளி நின்றுவிடும். கன்டின்யூ கொடுத்துக் காத்திருந்தேன். நின்ற இடம் சென்சார் டாஸ்க், எஸ்என்பிரின்ட்எஃப் ஃபங்ஷனின் உள்ளே.

நடந்தது இதுதான். வால்வு டாஸ்க்கை முதலிலும் சென்சார் டாஸ்க்கை அடுத்தும் உருவாக்கியிருந்தேன். ஃப்ரீஆர்டிஓஎஸ் ஒவ்வொன்றுக்கும் ஸ்டாக், அதற்கு மேலே டி.சி.பி. என்று நினைவகத்தை ஒதுக்குகிறது. ஆகவே சென்சார் டாஸ்க்கின் ஸ்டாக்குக்கு நேர் கீழே இருந்தது வால்வு டாஸ்க்கின் டி.சி.பி. ஸ்டாக் கீழ்நோக்கி வளரும். ஈரப்பதம் எல்லையைத் தாண்டும்போது மட்டும் தசம எண்ணோடு ஒரு செய்தி வரியை எஸ்என்பிரின்ட்எஃப் தயாரிக்கும், அதற்கு ஸ்டாக் நிறைய வேண்டும். நான் ஒதுக்கியது 128. அது பைட் கணக்கு இல்லை, சொற்கணக்கு (ஒரு சொல் 4 பைட்), அதாவது 512 பைட். போதவில்லை. வழிந்து போய் வால்வு டாஸ்க்கின் டி.சி.பி.-யின் வால் பகுதியை முதலில் அழித்தது. 'நோட்டிஃபிகேஷனுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற குறிப்பு அங்கேதான் இருக்கிறது. அது அழிந்ததால் மூடச் சொல்லி அனுப்பிய செய்தி அந்த டாஸ்க்கை எழுப்பவே இல்லை. பிரின்ட்எஃப் போட்டபோது மட்டும் ஏன் மறைந்தது என்றால், அதற்காகவே ஸ்டாக் அளவை இரண்டு மடங்காக்கியிருந்தேன்.

இப்போது எந்தத் திட்டத்திலும் 'கான்ஃபிக்செக்_ஃபார்_ஸ்டாக்_ஓவர்ஃப்ளோ' என்ற, ஸ்டாக் வழிவதைக் கண்டுபிடிக்கும் அமைப்பை 2 என்று வைத்து, வழிந்தால் அழைக்கப்படும் அதன் ஹூக் ஃபங்ஷனில் ஒரு பிரேக்பாயிண்ட் வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன்.

பிரேக்பாயிண்டில் நிற்கும்போது வாட்ச்டாக் போர்டை ரீசெட் செய்துவிடுகிறதே?

வாட்ச்டாக் என்பது நிரல் நின்றுபோனால் சிப்பை ரீசெட் செய்யும் கண்காணிப்புச் சுற்று. சிப்புக்குள் இருக்கும் இரண்டு வாட்ச்டாக்குகளையும் நிற்கும் நேரத்தில் உறைய வைக்க டி.பி.ஜி.எம்.சி.யு. பதிவகம் இருக்கிறது. ஓப்பன்ஓசிடியின் எஃப்4 கோப்பு அதைத் தானாகவே செய்துவிடுகிறது. போர்டில் தனி வாட்ச்டாக் சிப் வைத்திருந்தால் அது இதற்கெல்லாம் கட்டுப்படாது. அதன் ரீசெட் தடத்தில் ஒரு ஜம்பர் வையுங்கள், டீபக் செய்யும்போது கழற்றிவிடலாம்.

வி.எஸ். கோடிலேயே செய்ய முடியாதா?

முடியும். நிரல் எழுதும் அந்த மென்பொருளில் கார்டெக்ஸ்-டீபக் என்ற நீட்சியை நிறுவினால் அதுவும் உள்ளே இதே ஜி.டி.பி.-யையும் ஓப்பன்ஓசிடியையும்தான் ஓட்டுகிறது. சிப்பின் பதிவகங்களைப் பட்டியலிடும் எஸ்.வி.டி. கோப்பைக் கொடுத்தால் டைமர், போர்ட் பதிவகங்களைப் பெயரோடு காட்டுவது வசதி. ஆனாலும் முதல் இரண்டு வாரம் கட்டளை வரியிலேயே பழகுங்கள் என்றுதான் சொல்வேன். பொத்தான் வேலை செய்யாத நாளில் எங்கே பார்ப்பது என்று அப்போதுதான் தெரியும்.

தோட்டத்துக்கே லேப்டாப்பைக் கொண்டுபோய் இணைக்கலாமா?

இணைக்கலாம், நானும் செய்கிறேன். ஆனால் அங்கே முதலில் யோசிக்க வேண்டியது ஆள் பாதுகாப்பு. பிரேக்பாயிண்டில் செயலி நிற்கும்போது அவுட்புட் கால்கள் நின்ற நிலையிலேயே இருக்கும். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் ஓடிக்கொண்டே இருக்கும், தொட்டி நிறைந்தாலும் அணைக்க ஆள் இல்லை. அதனால் கான்டாக்டரின் (மோட்டாரை இயக்கும் மின்சுவிட்ச்) காயில் கம்பியைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு சின்ன விளக்கை மாட்டிக்கொண்டு சோதியுங்கள். தோட்டத்தில் வேலை செய்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

லேப்டாப்பை சார்ஜரில் போடாமல் பேட்டரியிலேயே ஓட்டுங்கள். மூன்று ஃபேஸ் பேனலின் எர்த்தும் சார்ஜரின் எர்த்தும் வேறு வேறு மட்டத்தில் இருந்தால் யு.எஸ்.பி. வழியாக மின்னோட்டம் பாய்ந்து ப்ரோப் போய்விடும், எனக்கு ஒன்று அப்படிப் போயிருக்கிறது. யு.எஸ்.பி. ஐசொலேட்டர் ஒன்று பையில் இருந்தால் இன்னும் நல்லது. கிளம்புவதற்கு முன், தோட்டத்தில் ஓடும் போர்டில் உள்ள அதே ஈ.எல்.எஃப். கோப்பு லேப்டாப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு பதிப்பு என்றால் டீபக்கர் காட்டும் வரி எண்கள் எல்லாம் தவறாக இருக்கும், அது தவறு என்றும் அங்கே உங்களுக்குத் தெரியாது.